ஐஸ் விழாத ஊரில் குளத்தை மூடிய நாள்

போன வருஷம் மழைக்கு முன்னால் நீ குளத்தை மூடிய அன்றைக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நீ இருந்தாய், முழங்கால் டிரவுசரோடு, கையில் நீளமான பிரஷ்ஷோடு. உன் மனைவி செலின் இருந்தாள். உன் மகள் மெலனி இருந்தாள், ஈரத் தலையோடு, ஊருக்குக் கிளம்ப வேண்டுமே என்று அழுது முடித்த முகத்தோடு. உன் அத்தை கனகம் இருந்தாள். கூப்பிடாமலே வந்திருந்தாள், அது அவள் வழக்கம். பக்கத்து வீட்டு லூர்து மாமா இருந்தார். பிரான்ஸ் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர் ஆயிற்றே, மதில் ஓரம் நாற்காலி போட்டுக்கொண்டு எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். நான் இருந்தேன். உன் அப்பா இருந்தார். எல்லார் பெயரையும் எழுதிவிட்டு அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர் அது. எழுதியதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். "அம்மா, அப்பாவோட தலைத்திவசத்துக்கு நாங்க மூணு பேரும் வரோம். அதுக்கு முன்னாடி தோட்டத்துல இருக்கிற குளத்துல மண்ணக் கொட்டி மூடிடச் சொல்லிட்டேன், லாரிக்காரர் வருவாரு. அப்பாவுக்குப் பிடிக்காதது அவரு வூட்ல எதுக்கு? அவரு ஆசையா வெச்ச மரத்த வெட்டிட்டு நான் என் ஆசைக்குத் தோண்டினேன். ஒரு நாளாவது எங்க முன்னாடி அதுல கால் வெச்சாரா?" என்றாய். குரல் உடைந்துபோய்ச் சொன்னாய். நான் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது. நடுவில் நான் அழுதால் நீ அங்கே பயந்துகொள்வாய், நீ அழுதால் எனக்கு அடுப்பில் வேலை ஓடாது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் செலினிடம் சொல்லிச் சிரிக்காதே.

மரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மில்லை மூடிய வருஷம் உன் அப்பா கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு சப்போட்டாக் கன்று வாங்கிவந்து வைத்தார். அது வளர்ந்தது, காய்த்தது, நீ பிரான்ஸ் போனாய், கல்யாணம் பண்ணிக்கொண்டாய். கோடை லீவுக்கு வந்தவன், "அப்பா, மெலனி கடல்ல எறங்கப் பயப்படுறா. தோட்டத்துல நீச்சல் குளம் கட்டிடலாமா? மரத்தத்தான் எடுக்கணும்" என்று கேட்டாய். அவர் "வெட்டு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு வார்த்தையை இத்தனை நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு வேகிறாய் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்து அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "காய்ச்சு யாரு துன்னா? வௌவால் துன்னுது. பேத்தியாவது குளிக்கட்டும்." அவ்வளவுதான். மரத்துக்காக உன்மேல் கோபம் வைத்திருந்தவள் நான். அந்தத் தீபாவளிக்கு உனக்கு அதிரசம் செய்யவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. நீ கவனிக்கவே இல்லை. அதற்கும் சேர்த்து ஒரு கோபம் வைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் வெயிலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம், நானும் கனகமும். சீட்டு எழுதுகிற பெண் "பேஷன்ட் பேரு?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. "பழனில நிக்கிறாரே, அவரு பேருதாம்மா" என்றேன். "ஊரக் கேக்கல ஆயா, பேரு சொல்லுங்க" என்றாள். "கோவணத்தோட, கையில தடியோட நிப்பாரே" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் அப்பா சக்கர நாற்காலியில் கோணிய வாயோடு தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தார், யாருக்கும் புரியவில்லை. கனகம்தான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள்மேல் எனக்கு ஆயிரம் உண்டு. ஆனால் அந்த ஒன்றை அவள் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

வாய் சரியானது, கை சரியானது, வலது கால் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் நடந்தால் நல்லது என்றார் டாக்டர். பட்டணத்தில் ஒவ்வொருவரும் தண்ணீருக்கு எங்கே போவார்களோ, நம் வீட்டிலோ நீ கட்டிவைத்துவிட்டுப் போனது கிடந்தது. மறுநாளே காலையில் மில் காலத்துக் காக்கி அரை டிரவுசரைப் போட்டுக்கொண்டு, ஸ்டீல் ஏணியைப் பிடித்து இறங்கினார். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மாசி மகத்துக்குக் கடலில் கால் நனைக்கிறதோடு சரி என்று இருந்த மனுஷன், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, காபி கொண்டா என்று அதிகாரம் பண்ணுவார். கொஞ்ச நாள் ஆனதும், "இந்தா, நான் மெதக்கணும்" என்றார். "படுத்தா எழுந்திரிக்க ஆள் வேணும், இதுல மெதக்கிறாராம்" என்றேன். கேட்கிற ஆளா? சமையல் அறையில் இருந்த காலி எண்ணெய் கேனைத் தானே கழுவி, மூடியை இறுக்கி எடுத்து வந்தார். என் பழைய சுங்குடிப் புடவையால் அதை அவர் முதுகில் வைத்துக் கட்டினேன். முந்தானைப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கரையில் நடப்பேன், அவர் தண்ணீரில் மல்லாந்து வருவார். மாட்டை மேய்க்கப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். லூர்து மாமா மாடியிலிருந்து பார்த்துவிடக் கூடாது என்று கொடியில் போர்வைகளை நனைத்து நனைத்துக் காயப்போட்டேன். "வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா, தினம் போர்வை தோய்க்கிறீங்க?" என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

ஒரு நாள் காலையில் குக்கர் விசில் போட்டுக்கொண்டே இருந்தது. புடவை நுனியை ஏணியில் சுற்றிவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கேன் அவிழ்ந்து தனியாகப் படிக்கட்டு ஓரம் மிதக்கிறது. புடவை தண்ணீரில் விரிந்து கிடக்கிறது. அவர் நடுவில் கிடக்கிறார், மல்லாந்து, இரண்டு கையும் விரித்து, கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. போய்விட்டார் என்றே நினைத்தேன். நான் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் என் கை ஆடுவதைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார். "ஏன் கத்துற? காதுல ஓடிக்கினே இருந்துச்சே மில்லு, அது இப்பதான் நின்னுச்சு" என்றார். உனக்குத் தெரியும், மில்லை மூடி இத்தனை வருஷம் ஆகியும் அவர் காதில் அந்தத் தறிச் சத்தம் ஓயவில்லை. டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்று நீகூடக் கோபித்துக்கொள்வாய். அந்தச் சத்தம் நீ கட்டிய குளத்தில்தான் நின்றது. அன்றிலிருந்து கேன் வேண்டாம் என்றுவிட்டார். தினமும் காலையில் நடுவில் போய்ப் படுத்துக்கொள்வார். முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த முகம்.

"பையனுக்குப் போன் போட்டுச் சொல்லவா?" என்று கேட்டேன். "சொல்லாத. தீபாவளி லீவுக்கு வருவான் இல்ல? நானே அவன் எதிர்ல செஞ்சு காட்டுறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத, என்மேல சத்தியம்" என்று கையை நீட்டினார். மூத்த மருமகள் என்று இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ சத்தியம் செய்திருக்கிறேன். எதையும் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டதில்லை.

நீங்கள் வந்தீர்கள். வந்த நாளெல்லாம் செலினும் மெலனியும் அந்தத் தண்ணீரிலேயே கிடந்தார்கள். அவர்கள் குளிக்கிற உடுப்போடு இருக்கும்போது மாமனார் அந்தப் பக்கம் வரலாமா என்று உன் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய். நீ அப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்கும் அப்போது தெரியாது. "கடைசி நாள் மூடுறப்ப எல்லாரும் இருப்பாங்க, அப்ப எறங்குறேன்" என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டு நானும் இருந்தேன்.

மழைக்கு முன்னால் மூடினால் போதும் என்று அதற்கு முந்தின வருஷம் வெறும் வலையைத்தான் போட்டோம். நீயோ இந்தத் தடவை பிரான்சில் உன் வீட்டுக் குளத்தை மூடுகிற மாதிரியே மூட வேண்டும் என்று பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தாய். சுவரைத் தேய்த்தாய். பைப் வாயையெல்லாம் ரப்பர் கார்க்கால் அடைத்தாய். மருந்தைக் கரைத்து ஊற்றினாய். அப்புறம் நீல நிறத்தில் தலையணை மாதிரி மிதவைகளைக் கயிற்றில் கோத்து எடுத்தாயே, அப்போது லூர்து மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அது இன்னா தம்பி?"

"ஐஸுக்கு மாமா. அங்க குளிர்ல தண்ணி ஒறைஞ்சு வீங்கும், செவுரு வெடிச்சிடும். இது அந்த அழுத்தத்த வாங்கிக்கும்."

"கருவடிக்குப்பத்துல ஏதுடா ஐஸு?" என்று கேட்டார் உன் அப்பா. "குச்சி ஐஸ் விக்கிறவன் வண்டியோட உள்ள வுழுந்தாத்தான் உண்டு."

எல்லாரும் சிரித்தோம். உனக்கு முகம் சிவந்துவிட்டது. "மூடுறதுன்னா முறையா மூடணும்ப்பா" என்று சொல்லி அத்தனையையும் தண்ணீரில் போட்டாய். உன் வீம்பு அப்படியே உன் அப்பா வீம்பு. ஐஸ் விழாத ஊரில் ஐஸுக்குப் பயந்து மிதவை போட்டவன் நீ ஒருத்தன்தான்.

குளத்தின் மேல் விரிக்க நீ கொண்டுவந்த பிளாஸ்டிக் போர்வையை இழுத்து மாட்டுவதற்கு முன்னால், தண்ணீரைக் கொஞ்சம் இறக்குவதற்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சும்மா நின்றோம். அப்போதுதான் அவர் உள்ளே போய் அந்தக் காக்கி டிரவுசரோடு, தோளில் துண்டோடு, கையில் தடியோடு வந்தார். இதோ காட்டப் போகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்குப் போனேன். கனகம் வாயைத் திறந்தாள்.

"இன்னா அண்ணே, பழனியாண்டி கணக்கா வந்து நிக்கிற! கோவணம் ஒண்ணுதான் கொறச்சல். மருமவ நிக்கிறது தெரியல? இந்தக் கால வெச்சிக்கினு உள்ள வுழுந்தா யாரு தூக்குறது, சொல்தாவ கூப்டவா?"

லூர்து மாமா சிரித்தார். மெலனி புரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். இல்லை என்று சொல்லாதே, பிரஷ்ஷில் முகவாயை வைத்துக்கொண்டு சிரித்தாய், நான் பார்த்தேன். சிரிக்காதவள் செலின் ஒருத்திதான். அவள் போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டாள். அன்றிலிருந்து அவளை நான் ஒரு குறையும் சொல்வதில்லை என்பதை நீ கவனித்திருக்கலாம். சம்பந்தி வீட்டில் கல்யாணத்தன்று எங்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததையும் அந்த நாற்காலிக்காக விட்டுவிட்டேன்.

உன் அப்பா துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். நீ அப்போது கேட்டாய், நல்லவிதமாகத்தான் கேட்டாய்: "எறங்கணுமாப்பா? மூடறதுக்கு முன்னாடி ஒரு தரம்?" அவர் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் "எறங்குங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தேன், கண்ணாலேயே அடக்கிவிட்டார். "எனக்கு எதுக்கு? நீ மூடு" என்றார். நீ மூடினாய். போர்வையை நான்கு பக்கமும் இழுத்துக் கொக்கி மாட்டினாய், மேளம் மாதிரி விறைப்பாக நின்றது. அவர் செலின் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் கொக்கி வரைக்கும் பார்த்தார். நீங்கள் கிளம்பிப் போனதும் நான் கேட்கிற கேள்வியை எல்லாம் கேட்டேன். "தை பொறக்கட்டும். தொறந்ததும் நல்லாப் பழகிக்கினு, அடுத்த லீவுக்கு வரப்ப காட்டுறேன். எங்க போயிடப் போறேன்?" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. நீ மேளம் மாதிரி இழுத்துக் கட்டிய போர்வை இரண்டாம் நாளே நடுவில் தொங்கி, மேலே தனியாக ஒரு குளம் ஆனது. அதற்குள் எங்கிருந்தோ தவளைகள் குடிவந்து, நம் தெருவையே தூங்கவிடவில்லை. உன் நீல மிதவை ஒன்று போர்வைக்குக் கீழே புடைத்துக்கொண்டு நின்றது. "பாரு, ஐஸு வந்துட்டுது" என்று தினமும் சொல்லிச் சிரிப்பார். மழை விட்டால் போதும், நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவார். தடி நுனியால் போர்வையை மெல்ல அழுத்திப் பார்ப்பார், தூங்குகிற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "உள்ள தண்ணி அப்படியே இருக்கும் இல்ல?" என்று கேட்பார். "இருக்கும், எங்க போயிடும்" என்பேன். "அப்ப சரி" என்பார். மார்கழியில் ஒரு காலை, வாங்கிய காபியைக் குடிக்காமல் அந்த நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். நீ வந்தாய், காரியம் செய்தாய், ஈர வேட்டியோடு அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "மரத்த வெட்டிட்டேம்மா" என்று மட்டும் சொன்னாய். அப்போதே சொல்லியிருப்பேன். அவர்மேல் செய்த சத்தியம், அவரை எரித்த சாம்பல்கூட ஆறவில்லை, எப்படிச் சொல்வேன்? அப்புறம் நீ திறக்க வேண்டாம் என்றாய், வருஷம் முழுக்க அது மூடியபடியே கிடக்கிறது. இனி அந்தச் சத்தியம் யாரை என்ன செய்துவிடும்?

ஆகையால் கேள். லாரிக்காரர் நேற்று மண்ணோடு வந்தார். "உங்க பையன் சொல்லிட்டாரும்மா" என்றார். "பையன் பிரான்ஸ்ல இருக்கான், தோட்டத்து கேட் சாவி என் இடுப்புல இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கனகம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே வாழை வைக்க இடம் எல்லாம் பார்த்துவைத்திருந்தாளாம். ஒரு பக்கத்துக் கொக்கியை மட்டும் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் கீரை கடைந்த மாதிரி பச்சையாகக் கிடக்கிறது. ஆனால் இருக்கிறது. உங்களுக்கு லீவு முடிவதற்குள் திவசத்தை முடித்துக்கொண்டு, நீதான் அதை இறைத்து, தேய்த்து, நல்ல தண்ணீர் விட வேண்டும். ஆள் வைக்காதே. மறுபடி மூடும்போது வலை போதும். மிதவையை அங்கேயே உங்கள் ஐஸுக்கு வைத்துக்கொள். மெலனி ஏதாவது செய்து காட்டுகிறேன் என்று வந்து நின்றால், அடுப்பில் பால் பொங்கினாலும், ஆபீஸிலிருந்து போன் வந்தாலும், அப்போதே பார். நாளைக்கு என்று சொல்லாதே. யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், கூடச் சேர்ந்து சிரிக்காதே.

தண்ணீர் விட்டதும் முதலில் நீ போய் நடுவில் மல்லாந்து படு. காது இரண்டும் உள்ளே போகட்டும். அவர் காதுக்கு என்ன கேட்டது என்று அப்போது உனக்கே தெரியவரும். அப்புறம் என் முறை. எண்ணெய் கேன் பரணில் இருக்கிறது, சுங்குடிப் புடவை தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். நீ கட்டிவிடு, நுனியைப் பிடித்துக்கொண்டு கரையில் நட. கனகத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளலாம், சிரிக்கிறதானால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். குக்கர் விசில் போட்டால் செலின் பார்த்துக்கொள்வாள். நீ நுனியை விட்டுவிட்டு ஓடாதே.

அதிரசத்துக்கு மாவு இடித்துவைப்பேன். மரத்துக்காக உன்மேல் இருந்த கோபம் அதோடு தீர்ந்தது. கனகத்தையும் மன்னித்துவிட்டேன், அந்த ஆஸ்பத்திரி வாசலுக்காக. அவள் வாழைக்கன்று பார்த்துவைத்தது மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. லூர்து மாமா சிரித்ததற்கு, அவர் வீட்டுக்கு அனுப்பும் மீன் குழம்பை அப்போதே நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தும் விட்டேன். ஒரே ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெற்ற பிள்ளை எதிரே நின்று இறங்கணுமா என்று கேட்டபோது, இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு எனக்கு எதுக்கு என்று சொன்னவரை. என் வாயையும் கட்டிப்போட்டு, என் பிள்ளையை ஒரு வருஷம் சப்போட்டா மரத்துக்காக அழவைத்தவரை. தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு மார்கழியில் போனவரை. இத்தனை வருஷம் சொல்லாத பெயரை இப்போது எழுதுகிறேன், வேண்டுமானால் வந்து கேட்கட்டும்.

தண்டபாணி.